கட்சிக்காரர் நம்பும், அடுத்த வீட்டுக்காரர் அஞ்சாத வேட்பாளர்

கேள்வி இது: அமெரிக்கக் குடியரசுக் கட்சியைப் போன்ற ஒரு பழமைவாதக் கட்சிக்கு வெற்றி வாய்ப்பை அதிகம் தேடித் தருபவர் யார்? கொள்கையில் இம்மியும் விட்டுக்கொடுக்காத வேட்பாளரா, எல்லோருக்கும் பொதுவானவராகத் தோன்றும் மிதவாதியா?

நான் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே, தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் ஒரு புறநகரில் இருப்பவன். இந்தக் கேள்விக்கான விடையின் பெரும்பகுதியை 2022-ஆம் ஆண்டுத் தேர்தலில் எங்கள் தெருவிலேயே கண்டேன் என்று சொல்லலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் எவ்வளவு வலப்பக்கம் நிற்கிறார், அதாவது எவ்வளவு தீவிரமான பழமைவாதி, என்று அளப்பதால் பயன் குறைவு. இரண்டு விஷயங்களைத்தான் பார்க்க வேண்டும். கட்சிக்காரர்கள் இவரை ‘நம் ஆள்’ என்று ஐயமின்றி ஏற்கிறார்களா என்பது ஒன்று. கட்சிக்கு வெளியே இருப்பவர்கள், ‘இவர் வந்துவிட்டால் என்ன ஆகுமோ’ என்ற அச்சம் இல்லாமல் இருக்கிறார்களா என்பது மற்றொன்று. இந்த இரண்டில் முதலாவது இருந்தால்தான் இரண்டாவது எளிதாகக் கைகூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உட்கட்சியில் நம்பிக்கையைச் சம்பாதித்துவிட்டவர், தன் விசுவாசத்தை நாள்தோறும் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எனவே மற்றவர்களின் கவலைகளைப் பேச அவருக்கு நேரமும் உரிமையும் கிடைக்கின்றன.

ஜார்ஜியாவை எடுத்துக்கொள்வோம். 2022 நவம்பரில் ஒரே நாளில், ஒரே வாக்குச்சீட்டில், குடியரசுக் கட்சியின் இரண்டு முக்கிய வேட்பாளர்கள் நின்றார்கள். ஆளுநர் பதவிக்குப் பிரையன் கெம்ப். செனட் பதவிக்கு, ஒரு காலத்தில் ஜார்ஜியா பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் நட்சத்திரமாக விளங்கிய ஹெர்ஷல் வாக்கர். கெம்ப் ஏறக்குறைய 21 லட்சத்து 11 ஆயிரம் வாக்குகள் பெற்றார். வாக்கர் பெற்றது 19 லட்சத்து 8 ஆயிரம். அதாவது கட்சியின் ஆளுநர் வேட்பாளருக்கு வாக்களித்துவிட்டு, அதே சீட்டில் சில அங்குலம் தள்ளியிருந்த கட்சியின் செனட் வேட்பாளரைக் கைவிட்டவர்கள் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பேர். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர் தேர்தல் தவறாமல் குடியரசுக் கட்சிக்கே வாக்களிப்பவர். அந்த ஆண்டு அவர் வீட்டுப் புல்வெளியில் கெம்பின் பெயர்ப் பலகை மட்டும் தனியாக நின்றது. வழக்கமாக அங்கே நான்கைந்து பலகைகள் வரிசையாக இருக்கும். நான் எதுவும் கேட்கவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை. அந்தப் புல்வெளியில் வெறுமையாக இருந்த இடமே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது.

கெம்ப் மிதவாதி என்பதால் வென்றார் என்று சிலர் எழுதினார்கள். அது உண்மையில்லை. கருவில் இதயத்துடிப்பு தெரிந்தபின், அதாவது ஏறக்குறைய ஆறு வாரங்களுக்குப் பிறகு, கருக்கலைப்பைத் தடுக்கும் சட்டத்தில் 2019-இல் கையெழுத்திட்டவர் அவர். உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதிக்கும் சட்டத்தில் 2022-இல் கையெழுத்திட்டவரும் அவரே. கொள்கை அளவில் இவரை மிதவாதி என்று சொல்ல இடமில்லை. ஆனால் 2020 அதிபர் தேர்தலில் ஜார்ஜியாவின் முடிவை மாற்ற மறுத்து, சொந்தக் கட்சித் தலைவரான டிரம்ப்பின் கோபத்துக்கு ஆளானார். டிரம்ப் அவருக்கு எதிராக முன்னாள் செனட்டர் டேவிட் பெர்டியூவைக் களமிறக்கினார். கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே முடிவு செய்யும் உட்கட்சித் தேர்தல் 2022 மே மாதம் நடந்தது. அதில் கெம்புக்கு 73 விழுக்காட்டுக்கும் மேல் கிடைத்தது. பெர்டியூவுக்கு 22 விழுக்காடுகூட வரவில்லை. கட்சிக்காரர்கள் அவரை அவ்வளவு உறுதியாக நம்பினார்கள். அந்த நம்பிக்கை இருந்ததால்தான் பொதுத் தேர்தலில் அவரால் பெட்ரோல் வரியை நிறுத்திவைத்தது, தொழில்கள், வேலைவாய்ப்பு என்று குடும்பச் செலவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க முடிந்தது. சட்டத்தை மீறும்படி வந்த நெருக்கடிக்கு அவர் பணியவில்லை என்பதை நேரில் பார்த்த புறநகர் வாக்காளர்களுக்கோ, அவரிடம் உடன்படாத விஷயங்கள் பல இருந்தாலும், அச்சம் இல்லாமல் போயிற்று. 2018-இல் ஜனநாயகக் கட்சியின் ஸ்டேசி ஏப்ரம்ஸைச் சுமார் 55,000 வாக்குகளில் வென்றவர், அதே ஏப்ரம்ஸை 2022-இல் ஏறக்குறைய மூன்று லட்சம் வாக்குகளில் வென்றார். எதிராளி மாறவில்லை, மாநிலம் வலப்பக்கம் சாய்ந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது, ஏனெனில் டிசம்பரில் நடந்த இரண்டாம் சுற்றில் வாக்கர் ஜனநாயகக் கட்சியின் ராஃபேல் வார்னாக்கிடம் தோற்றார்.

வாக்கரைப் பொறுத்தவரை கட்சிக்காரர்களின் நேசத்துக்குக் குறைவில்லை. ஆனால் பல ஆண்டுகள் டெக்சஸில் வாழ்ந்துவிட்டுத் தேர்தலுக்காகத் திரும்பியவர், ஆட்சி அனுபவம் இல்லாதவர், சொந்த வாழ்க்கை பற்றிய குற்றச்சாட்டுகளுக்குத் தேர்தல் நாள்வரை பதில் சொல்லிக்கொண்டே இருந்தவர். விளையாட்டு வீரர் மீதுள்ள பாசம் வேறு, ஆறு ஆண்டுகளுக்கு ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைப்பது வேறு என்று அந்த இரண்டு லட்சம் பேர் பிரித்துப் பார்த்தார்கள். நம் ஊர் வாக்காளர்கள் இதைச் செய்யாதவர்களா என்ன?

இதற்கு நேர் எதிரான பாடம் 2012-இல் அதிபர் பதவிக்கு நின்ற மிட் ராம்னியிடம் கிடைக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் அவரைப் போல் பொருத்தமான வேட்பாளர் கிடைப்பது அரிது. ஜனநாயகக் கட்சியின் கோட்டையான மாசசூசெட்ஸில் ஆளுநராக இருந்தவர், வெற்றிகரமான தொழிலதிபர், பண்பாளர். ஆனால் அவர் 2006-இல் அந்த மாநிலத்தில் கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டமே பின்னர் ஒபாமாவின் சட்டத்துக்கு முன்மாதிரியானது. கருக்கலைப்பு விஷயத்திலும் அவர் நிலைப்பாடு மாறியிருந்தது. எனவே கட்சிக்காரர்கள் அவரை முழு மனத்தோடு ஏற்கவில்லை. அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதற்காக, சந்தேகத்துக்கே இடமில்லாத ஒருவர் சொல்லத் தேவையில்லாத சொற்களை எல்லாம் அவர் சொன்னார். ஆவணமில்லாமல் குடியேறியவர்கள் தாங்களாகவே நாட்டைவிட்டு வெளியேறும் சூழலை உருவாக்குவேன் என்று 2012 ஜனவரியில் நடந்த விவாதத்தில் பேசினார். அடுத்த மாதம் பழமைவாதிகள் மாநாட்டில், தன்னைக் ‘கடுமையான பழமைவாத ஆளுநர்’ என்று வர்ணித்துக்கொண்டார். 2004-இல் புஷ்ஷுக்கு ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு வாக்களித்த ஹிஸ்பானிய மக்களில், ராம்னிக்கு வாக்களித்தவர்கள் நான்கில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியதாக வாக்குச்சாவடிக் கணிப்புகள் காட்டின. தோல்விக்குப் பின் 2013-இல் கட்சியே வெளியிட்ட ஆய்வறிக்கை, ‘தாங்களாகவே வெளியேறுவது’ என்ற அந்தப் பேச்சையே சுட்டிக்காட்டி, தாங்கள் இந்த நாட்டில் இருப்பதையே ஒரு வேட்பாளர் விரும்பவில்லை என்று மக்கள் நினைத்துவிட்டால், அவர் அடுத்துச் சொல்லும் வாக்கியம் அவர்கள் காதில் ஏறாது என்று எழுதியது. மிதவாதி என்று பெயர் எடுத்தவரே மிதமிஞ்சிய சொற்களைப் பேச வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார். மிதவாதியை நிறுத்தினால் போதும் என்பவர்கள் இந்தக் கண்ணியை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஏறத்தாழ ஒரே கொள்கையைப் பேசிய இருவரில் ஒருவர் படுதோல்வியும் மற்றவர் பெருவெற்றியும் கண்ட வரலாறும் உண்டு. 1964-இல் பாரி கோல்ட்வாட்டர், சான் பிரான்சிஸ்கோ அருகே நடந்த கட்சி மாநாட்டில் அதிபர் வேட்பாளர் பொறுப்பை ஏற்றுப் பேசும்போது, சுதந்திரத்தைக் காக்கத் தீவிரப் போக்கைக் கொள்வது குற்றமாகாது என்றார். அரங்கில் இருந்தவர்கள் ஆர்ப்பரித்தார்கள். வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலர் அஞ்சினார்கள். அந்த அச்சத்தைத்தான் எதிர்த்தரப்பு செப்டம்பர் 7-ஆம் தேதி ஒரே ஒருமுறை விளம்பரமாக ஒளிபரப்பியது: ஒரு சிறுமி பூவிதழ்களை எண்ணிப் பிய்க்கிறாள், எண்ணிக்கை தலைகீழாக மாறுகிறது, அணுகுண்டு வெடிக்கிறது. கோல்ட்வாட்டரின் பெயர்கூட அதில் வரவில்லை. வர வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவர் வென்றது ஆறே மாநிலங்கள்; பெற்ற வாக்கு 38.5 விழுக்காடு.

அந்தத் தேர்தலின் கடைசி வாரத்தில் கோல்ட்வாட்டருக்காகத் தொலைக்காட்சியில் பேசி, தேசிய அரசியலுக்கு அறிமுகமானவர் ரொனால்ட் ரீகன். பதினாறு ஆண்டுகள் கழித்து, அரசின் அளவு, வரி, சோவியத் ஒன்றியம் ஆகியவற்றில் பெரும்பாலும் அதே கருத்துகளோடு அவர் களம் இறங்கியபோது 44 மாநிலங்களை வென்றார். இடையில் கலிஃபோர்னியாவில் எட்டு ஆண்டுகள் ஆளுநராக இருந்தார். அந்தப் பதவிக்காலத்தின் முதல் ஆண்டிலேயே, 1967-இல், அம்மாநிலம் அதுவரை கண்டிராத பெரிய வரி உயர்வுக்கும், கருக்கலைப்பு விதிகளைத் தளர்த்திய சட்டத்துக்கும் கையெழுத்திட்டார். இன்றைய உட்கட்சித் தேர்தலில் இந்த இரண்டில் ஒன்றே ஒருவரைக் கவிழ்த்துவிடும். ரீகனைக் கட்சிக்காரர்கள் மன்னித்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் நம் ஆள், ஏதோ காரணத்தோடுதான் செய்திருப்பார் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே இருந்தவர்களின் அச்சமோ 1980-இல் கடைசி வாரம்வரை நீடித்தது. அவர் அதிபரானால் போர் வரும், முதியோர் மருத்துவத் திட்டத்துக்கு ஆபத்து வரும் என்பதே அன்றைய அதிபர் ஜிம்மி கார்ட்டர் தரப்பின் பிரசாரம். அக்டோபர் 28-ஆம் தேதி கிளீவ்லாந்தில் ஒரே ஒருமுறை இருவரும் நேருக்கு நேர் விவாதித்தார்கள். தொடங்குவதற்கு முன் ரீகன் மேடையைக் கடந்து சென்று கார்ட்டரின் கையைக் குலுக்கினார். முதியோர் மருத்துவத் திட்டத்தை எதிர்த்தவர் இவர் என்று கார்ட்டர் குற்றம் சாட்டியபோது, கோபப்படாமல் முகம் மலர, ‘இதோ மறுபடியும் ஆரம்பித்துவிட்டீர்கள்’ என்றார். முடிவில், நான்கு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இப்போது நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா என்று மக்களையே கேட்டார். கொள்கையில் ஓர் எழுத்தைக்கூட அவர் அன்று மாற்றவில்லை. பயமுறுத்தும் மனிதர் என்று சொல்லப்பட்டவரைத் தொண்ணூறு நிமிடம் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குப் பயம் தெளிந்தது, அவ்வளவுதான் நடந்தது. ஒரு வாரம் கழித்து, அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் சபையின் 489 வாக்குகள் அவருக்குக் கிடைத்தன, செனட்டும் கட்சியின் வசமாயிற்று.

அப்படியானால் கட்சி ஏன் மீண்டும் மீண்டும் தவறான ஆளைத் தேர்ந்தெடுக்கிறது என்று கேட்கலாம். காரணம் தேர்ந்தெடுக்கும் முறையில் இருக்கிறது. டெலவேர் மாநிலத்தை 2010-இல் பாருங்கள். மைக் கேஸில் அங்கே இரண்டு முறை ஆளுநர், ஒன்பது முறை மக்களவை உறுப்பினர். செனட் தொகுதியை அவர் எளிதாக வெல்வார் என்பது பொதுவான கணிப்பு. பதிவு செய்த கட்சிக்காரர்கள் மட்டுமே வாக்களிக்கக்கூடிய உட்கட்சித் தேர்தலில், சுமார் 57,000 பேர் வாக்களித்து, 3,500 வாக்கு வித்தியாசத்தில் கிறிஸ்டீன் ஓ’டானலைத் தேர்ந்தெடுத்தார்கள். நவம்பரில் வாக்களித்தவர்களோ மூன்று லட்சத்துக்கும் மேல். பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் மாந்திரீகத்தில் சிறிது ஈடுபட்டதாகச் சொல்லியிருந்ததால், ‘நான் சூனியக்காரி அல்ல’ என்று தொடங்கும் விளம்பரத்தை அவர் வெளியிட வேண்டியதாயிற்று. ஒரு வேட்பாளர் தான் யார் என்று சொல்வதை விட்டு, தான் எது அல்ல என்று சொல்லத் தொடங்கினால் கதை முடிந்தது. 17 விழுக்காட்டுப் புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்.

அதைவிட வெளிப்படையான சான்று மிசௌரியில் 2012-இல் கிடைத்தது. ஜனநாயகக் கட்சி செனட்டர் கிளேர் மெக்காஸ்கில், எதிர்க்கட்சியின் உட்கட்சித் தேர்தலில் டாட் ஏகின் வெல்ல உதவும் வகையில் தன் சொந்தப் பிரசார நிதியிலிருந்து சுமார் 17 லட்சம் டாலர் செலவிட்டார். ஏகின் ‘மிகவும் பழமைவாதி’ என்று கண்டிப்பதுபோல் விளம்பரம் செய்தார். அது உட்கட்சி வாக்காளர் காதில் பாராட்டாக விழும் என்று அவருக்குத் தெரியும். ஏகின் வென்றார். பாலியல் வன்முறையையும் கருத்தரிப்பையும் பற்றி அவர் பேசிய பேச்சு நாட்டையே அதிரவைத்தது. ராம்னி 9 புள்ளிக்கு மேல் வென்ற மாநிலத்தில், அதே நாளில், ஏகின் 15 புள்ளிக்கு மேல் தோற்றார். உங்கள் கட்சிக்கு யார் நல்ல வேட்பாளர் என்று தெரியவில்லையா? எதிர்க்கட்சி யாருக்காகப் பணம் செலவழிக்கிறது என்று பாருங்கள், அவரை ஒதுக்குங்கள்.

ஆண்ட்ரூ ஹால் என்ற அரசியல் அறிஞர் 1980 முதல் 2010 வரையிலான மக்களவை உட்கட்சித் தேர்தல்களில், மிக நெருக்கமாக முடிந்தவற்றை ஆராய்ந்து, தீவிர வேட்பாளர் மயிரிழையில் வெல்லும்போது பொதுத் தேர்தலில் கட்சியின் வாக்கு சராசரியாக 9 முதல் 13 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவதாக 2015-இல் வெளியிட்டார். இது இரு கட்சிகளுக்கும் பொருந்தும். பின்னர் வந்த அவரது மற்றொரு ஆய்வு இன்னும் கவனிக்கத்தக்கது: நடுவில் இருப்பவர்கள் மனம் மாறுவதால் மட்டும் இந்த இழப்பு நேர்வதில்லை, தீவிர வேட்பாளர் எதிர்த்தரப்பின் தொண்டர்களைத்தான் அதிகம் உசுப்பி வாக்குச்சாவடிக்கு அனுப்புகிறார். நம் ஆட்களை எழுப்ப உறுதியானவர் வேண்டும் என்று வாதிடுபவர்கள், அதே சத்தத்தில் அடுத்த வீடும் விழித்துக்கொள்ளும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வெல்லக்கூடியவர்களில் எவர் மிகவும் வலப்பக்கம் நிற்கிறாரோ அவரையே ஆதரிக்க வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர் வில்லியம் பக்லி 1967-இல் ஒரு விதி சொன்னார். நல்ல விதிதான். ஆனால் ‘வெல்லக்கூடியவர்’ என்ற சொல்லை எவரும் அளந்து பார்ப்பதில்லை, ‘வலப்பக்கம்’ என்ற சொல்லை மட்டும் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள்.

மிதவாதிகளுக்கு இடமே இல்லையா என்றால், உண்டு, ஆனால் எல்லை குறுகியது. மேரிலாந்தில் லாரி ஹோகன் இரண்டு முறை ஆளுநராக வென்று, மக்கள் செல்வாக்கோடு ஓய்வு பெற்றார். 2024-இல் செனட்டுக்கு நின்றபோது, டிரம்ப் 28 புள்ளிகளில் தோற்ற அந்த மாநிலத்தில் இவர் 12 புள்ளிகளில் தோற்றார். கட்சியைவிட எவ்வளவோ மேலே ஓடியும் கரை சேரவில்லை. ஆளுநர் தேர்தலில் மக்கள் மனிதரைப் பார்க்கிறார்கள். செனட் தேர்தலில் எந்தக் கட்சி பெரும்பான்மை பெறும் என்று பார்க்கிறார்கள். பைடன் வென்ற மெய்ன் மாநிலத்தில் 2020-இல் சூசன் காலின்ஸ் வென்றது, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மக்களுக்குப் பழகிய முகம் என்பதால்தான். புதிதாக ஒருவரை அப்படி உருவாக்கிவிட முடியாது.

டிரம்ப் இந்தக் கணக்கையெல்லாம் பொய்யாக்கிவிட்டாரே என்ற வாதம் நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அவரை அஞ்சியவர்கள் கோடிக்கணக்கில் இருந்தும் 2016-இலும் 2024-இலும் வென்றார். ஆனால் வழக்கமாக வாக்களிக்க வராதவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது அவருக்கே உரிய ஈர்ப்பு. அது கைமாற்றிக் கொடுக்கக்கூடியதாக இருக்கவில்லை. 2024-இல் அவர் அரிசோனா, நெவாடா, விஸ்கான்சின், மிச்சிகன் நான்கையும் வென்றார்; அந்த நான்கிலும் கட்சியின் செனட் வேட்பாளர்கள் தோற்றார்கள். வட கரோலினாவில் அவர் மூன்று புள்ளிகளில் வென்ற அன்றே, அவருடைய ஆதரவு பெற்ற ஆளுநர் வேட்பாளர் மார்க் ராபின்சன் ஏறக்குறைய 15 புள்ளிகளில் தோற்றார். இன்னொன்றையும் கவனியுங்கள்: முதியோர் ஓய்வூதியத்திலும் மருத்துவத் திட்டத்திலும் கைவைக்க மாட்டேன் என்று தொடக்கம் முதலே சொன்னவர் டிரம்ப். 2024-இல் கருக்கலைப்பை மாநிலங்களின் முடிவுக்கே விட்டுவிடுவதாகவும் அறிவித்தார். மக்கள் அதிகம் அஞ்சும் இடங்களை அவரும் அறிந்தே வைத்திருந்தார். கட்சிக்காரர்களின் முழு நம்பிக்கை இருந்ததால்தான் அந்த விலகல்களை அவரால் செய்ய முடிந்தது.

தேர்வு முறையை மாற்றினால் முடிவும் மாறும் என்பதற்கு வர்ஜீனியா சாட்சி. 2021-இல் அங்கே கட்சி வழக்கமான உட்கட்சித் தேர்தலை நடத்தாமல், 39 இடங்களில் 30,000-க்கும் மேற்பட்ட பிரதிநிதிகளை வாக்களிக்க வைத்தது. வேட்பாளர்களை முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசைப்படுத்த வேண்டும். இந்த முறையில் கால் பங்குத் தீவிர ஆதரவை மட்டும் வைத்துக்கொண்டு முந்திவிட முடியாது. மற்றவர்களின் ஆதரவாளர்களுக்கும் ஏற்புடையவராக இருந்தாக வேண்டும். வாக்கு எண்ணிக்கையின் ஆறாம் சுற்றில் கிளென் யங்கின் ஆளுநர் வேட்பாளராகத் தேர்வானார். கையில்லாத கம்பளி மேலங்கியோடு ஊர் ஊராகச் சுற்றி, மளிகைப் பொருள் வரியையும் பள்ளிக்கூடங்களையும் பற்றிப் பேசினார். டிரம்ப்பைப் பகைத்துக்கொள்ளவும் இல்லை, மேடைக்கு அழைக்கவும் இல்லை. முந்தைய ஆண்டு பைடன் 10 புள்ளிகளில் வென்ற மாநிலத்தை, 2 புள்ளிகளில் கைப்பற்றினார். வெள்ளை மாளிகையில் எந்தக் கட்சி இருக்கிறதோ அதற்கு எதிராக வாக்களிப்பது வர்ஜீனியாவின் நெடுநாள் வழக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2025-இல் காற்று திரும்பியபோது, யங்கினோடு துணை ஆளுநராக வென்ற வின்சம் ஏர்ல்-சியர்ஸ் ஆளுநர் பதவிக்கு நின்று 15 புள்ளிகளில் தோற்றார். நல்ல வேட்பாளர் காற்றை உண்டாக்குவதில்லை; வீசும் காற்றை வீணாக்காமல் இருக்கிறார்.

வீணாக்கிய கதை பென்சில்வேனியாவில் நடந்தது. 2022 செனட் உட்கட்சித் தேர்தலில் ஏறக்குறைய பதின்மூன்றரை லட்சம் பேர் வாக்களித்தார்கள். தொலைக்காட்சி மருத்துவர் மெஹ்மெட் ஆஸ், அந்த மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்த முன்னாள் ராணுவ வீரர் டேவ் மெக்கார்மிக்கை 951 வாக்குகளில் முந்தினார். இருவருக்கும் கிடைத்தது தலா மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நெடுங்காலம் பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில் வாழ்ந்த ஆஸ், விலைவாசியைக் கண்டிக்க மளிகைக் கடைக்குள் எடுத்த காணொளியில் அந்தக் கடையின் பெயரையே தவறாகச் சொன்னார். உள்ளூர் மக்களுக்கு அது போதுமானதாக இருந்தது. பொதுத் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஜான் ஃபெட்டர்மனிடம் ஏறக்குறைய 5 புள்ளிகளில் தோற்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து, இம்முறை உட்கட்சியில் எதிர்ப்பே இல்லாமல், மெக்கார்மிக் அதே மாநிலத்தில் நின்றார். மூன்று முறை வென்ற பாப் கேஸியை ஏறக்குறைய 15,000 வாக்குகளில் தோற்கடித்தார்.